உப்பு வாரியபின் மீந்த நீர்

ஆரம்பாக்கம் தாண்டினால்
செல்போன்தான் முதலில் தெலுங்குக்கு மாறும்,
அப்புறம் பெயர்ப்பலகை.
அங்கே சுங்கச்சாவடியில்
நாலாம் எண் கூண்டு எனக்கு.
மீதிச் சில்லறை வாங்கும் விரல்கள்
ரூபாய் நோட்டின் நுனியைத் தேடியதை
ஆறு வருடம் பார்த்தேன்.
பிறகு வண்டிக் கண்ணாடிகளில் வில்லை ஒட்டினார்கள்.
கை நீட்டுவது நின்றது.
பாதிப் பேருக்கு வேலை போன அந்த மாதத்தில்
இயந்திரத்துக்கு மனதார நன்றி சொன்னவள் நான்.

முழங்கையில் தொடங்கி
முதுகில் ஏறிய வெள்ளிச் செதில்.
போர்வையை உதறிக் கூட்டி அள்ளினால்
தினமும் ஒரு கைப்பிடி
நான்.

நெல்லூர் டாக்டர் படம் காட்டினார்.
எங்கோ ஒரு கடல்,
முங்க நினைத்தாலும் முங்காதாம்,
மல்லாந்து மிதந்தபடி
ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார்.
"அந்தத் தண்ணியும் வெயிலும் சிலருக்குக் கேட்கிறது.
தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன்."
டிக்கெட் விலையை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
மெக்னீசியம் என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

அந்த ஒரு சொல்லோடு
தடாவுக்குக் கிழக்கே உப்பளத்துக்குப் போனேன்.
உப்பை வாரியபின் கடைசிப் பாத்தியில் நிற்குமே,
எண்ணெய்போல் கனத்து
நாக்கில் வைத்தால் கசந்து,
மீன் பிழைக்காத, பாசி பிழைக்காத நீர்,
மழை வந்தால் திறந்துவிடும் கழிவு.
"அந்துலோ ஸ்நானமா அம்மா?"
மேஸ்திரி மஸ்தானய்யா சிரித்தார்.
சிரித்துவிட்டு, பம்பு ஷெட்டுக்குப் பின்னால்
விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி
தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்.

முதல் நாள்
சொறிந்த இடமெல்லாம் ஒரே நேரத்தில் அலறின.
பல்லைக் கடித்துக்கொண்டு
கட்டணப் பட்டியலை ஒப்பித்தேன்.
கார், ஜீப். இலகு ரகம். பஸ், இரண்டு அச்சு.
மூன்று அச்சு. நான்கு முதல் ஆறு.
ஏழு அச்சுக்கு வந்தபோது
அலறல் முனகலாகியிருந்தது.

வெயிலையும் டாக்டர்
சொட்டு மருந்துபோல் அளந்து தந்திருந்தார்.
முதல் வாரம் ஐந்து நிமிடம், அப்புறம் எட்டு,
பதினொன்றைத் தாண்டக் கூடாது.
பதினைந்து வருடம் முழுக்கைக்குள் கிடந்த தோல்.
யார் வீடென்று தெரியாமல் வந்தவனைப் போல
வெயில் முதுகில் தயங்கியது,
பிறகு உட்கார்ந்துகொண்டது.

பங்குனி பாதியில் ஒருநாள்
தார்ப்பாயை விலக்கிப் பெஞ்சலம்மா நின்றாள்,
கையில் வாருபலகை,
கூசும் கண்ணுக்கு மேல் கட்டிய துண்டு.
என் முழங்கையை
லேவாதேவிக்காரன் நகையைப் பார்ப்பதுபோல்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பின் தொட்டி விளிம்பில் தன் குதிகாலை வைத்தாள்.
வெடிப்பு ஒவ்வொன்றிலும்
உப்பு விளைந்திருந்தது.

"இதே நீளு, இதே எண்ட.
ஒன்பது மணி நேரம் நிக்கிறேன்.
உனக்கு மருந்து. எனக்கு?"

அந்த நேரம் பார்த்து
பதினொரு நிமிடம் முடிந்ததென்று
என் செல்போன் மணி அடித்தது.
நான் நிழலுக்குப் போனேன்.
அவள் பாத்திக்குப் போனாள்.

மறுவாரம் என் களிம்பு டப்பாவைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள், நன்றி என்றெல்லாம் இல்லை.
குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரில்
இரண்டு சொம்பு என் தோளில் ஊற்றினாள்,
"கடைசியில் நல்ல தண்ணியில் அலசணும்,
அதுகூடச் சொல்லலையா உன் டாக்டர்?"

சித்திரையில் முழங்கை சிவந்து, பழுத்து,
மற்ற தோலின் நிறத்துக்கு வந்தது.
முதுகு பாதிதான் ஒப்புக்கொண்டது.
ஐப்பசி மழையில் பாத்திகள் கரைந்தன.
கார்த்திகையில்
அதே முழங்கையில் ஒரு மிளகளவு வெள்ளி.

நேற்றிரவு உப்பு லாரி ஒன்று.
வில்லை வேலை செய்யவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பில் நிற்பவரை என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.
தார்ப்பாய் ஓரம் கசிந்து
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
எந்தப் பாத்தியின் உப்போ, யார் குதிகால் மிதித்ததோ.
கையை மடித்துவிட்டுப் பணம் வாங்கினேன்,
மீதி கொடுத்தேன், கட்டை உயர்ந்தது.

டிரைவர் நோட்டை எந்த இடத்தில் பிடித்தான் என்று
பார்க்க மறந்துபோனேன்.